உள்ளே இருப்பவரைத் தொடக் கூடாது

சிஸ்டர் பெனிஞ்ஞா வெண்கலக் கிண்ணத்தை மரக்குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஓசை சுவரெல்லாம் போய்வந்து, மெலிந்து, மின்விசிறியின் கிறீச்சோடு கலந்து காணாமல் போகிறவரை காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சொல்லைத் தொடங்க வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னாசி கண்ணை மூடிக் காத்திருந்தார். மாரநாதா. ஆண்டவரே வாரும் என்று அர்த்தமாம், இயேசு பேசிய பாஷையாம். ஆனால் அர்த்தத்தை யோசிக்கக் கூடாது. மா, ர, நா, தா என்று நாலு துண்டாக உடைத்து மூச்சோடு மூச்சாக உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணம் ஏதாவது வந்தால் அதனோடு மல்லுக்கு நிற்காமல் சொல்லுக்குத் திரும்பிவிட வேண்டும், கிண்ணம் மறுபடி ஒலிக்கிறவரை கண்ணைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் தியானம். சொல்வதற்கு அவ்வளவுதான். மா, ர, நா, தா. அண்ணே, இனிப்பு போடல, குடிங்க. இதோ, வந்துவிட்டது. முதல் சுற்றே முடியவில்லை, அதற்குள் அந்த வாக்கியம் ரேஷன் கடை வரிசையில் புகுகிற ஆளைப்போல முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தது. குளிக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, சுக்கைத் தட்டும்போது, எப்போதும் அதே வாக்கியம். அண்ணே என்று ஆரம்பிப்பதா, இல்லை மொட்டையாக இனிப்பு போடல என்று டம்ளரை நீட்டிவிடுவதா என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை. நாற்காலிக்குக் கீழே குதிகாலில் ஒயர்கூடை இடித்தது. இந்த வாரம் காப்பி அவர் முறை. அதில் பெரிய ஃபிளாஸ்க் நிறைய எல்லாருக்குமான கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, பக்கத்தில் கைக்கடக்கமான சின்ன ஃபிளாஸ்க் ஒன்று. சின்னதில் இருப்பது இனிப்பில்லாத காப்பி, ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள் இன்னாசிக்கு வலப்பக்கத்து நாற்காலியில், முழங்கை உரசும் தூரத்தில், மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இன்னாசியின் கூடப்பிறந்த அண்ணன், சந்தியாகு.

என்ன மூச்சு இது, இன்றைக்கு என்ன இத்தனை சத்தம். மா, ர, நா. அண்ணனின் மூச்சு இன்னாசிக்குத் தெரியும். கல்யாணம் ஆகிறவரை ஒரே அறையில் படுத்தவர்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஷிப்ட், ஒரே சைக்கிள். பேச்சை நிறுத்திய பிறகு அண்ணனிடமிருந்து இன்னாசிக்குக் கிடைப்பது இந்த மூச்சு மட்டும்தான், அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும். மூக்கில் சின்ன விசில், நடுவில் ஒரு தொண்டைச் செருமல், பிறகு சீரான இழுப்பு. இன்றைக்கு விசிலைக் காணோம். கரகரவென்று எதையோ தரையில் இழுப்பது மாதிரி இருக்கிறது. வரும்போதே தாமதம். வந்து உட்கார்ந்ததும் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், நெற்றியைத் துடைத்தார், மறுபடி கழுத்தைத் துடைத்தார். மத்தியானம் பெய்த மழையில் ஊரே குளிர்ந்து கிடக்கும்போது அப்படி என்ன வியர்வை? நடந்து வந்திருப்பார். அந்தக் காலோடு. விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்பதே இன்னாசிக்கு வெளியாள் சொல்லித்தான் தெரியும். போன வாரம் காப்பி வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்றவர், உங்க அண்ணனுக்குச் சக்கரை ஏறிப்போயி கால் விரலை எடுத்துட்டாங்களாமே, இப்ப தேவலையா என்று கேட்டார். ஆங், தேவலை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார் இன்னாசி. அண்ணன் செருப்பு மாட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட பாதம். கருப்பட்டிக் காப்பி வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். என் அண்ணன் கால் விரலை வெட்டியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. அன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் வாங்கியதுதான் சின்ன ஃபிளாஸ்க்.

மா, ர, நா, தா. சமாதானம் தேடித்தான் வந்தார் இங்கே. தூக்கம் போய், ரத்த அழுத்தம் ஏறி, மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், மனசை அமைதியா வச்சுக்குங்க என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான், பூசை முடிந்ததும் சிஸ்டர் பெனிஞ்ஞா ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஜெபமாலை இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, சும்மா வந்து உட்காருங்கள், ஆண்டவர் பேசுவார். சும்மா உட்காருவதற்கு என்ன கேடு என்று வந்தால், கோயிலுக்குப் பின்னாலிருந்த இந்தப் பழைய மறைக்கல்வி வகுப்பறையில் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்றுதான் காலி, அதற்குப் பக்கத்தில் சந்தியாகு. திரும்பிப் போயிருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டார். முதல் நாள் உட்கார்ந்த நாற்காலிதான் ஆயுசுக்கும் என்பது இந்தச் சனங்களின் எழுதாத சட்டம். சீசன் டிக்கெட்காரர்கள்கூட ஜன்னலோரத்துக்கு இவ்வளவு உரிமை கொண்டாட மாட்டார்கள். வீட்டில் அருளாயி கேட்டாள், நிம்மதி தேடிப் போறேன்னு போயி அந்த மனுசன் பக்கத்துலயா உக்காந்துட்டு வர்றீங்க, வெக்கமா இல்ல? அவளுக்கு என்ன சொல்வது? அங்கே யாரும் பேச வேண்டியதில்லை, அருளாயி. பேசாதிருப்பதுதான் அங்கே பக்தி. ஊரில் வேறெங்கே நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார முடியும்? கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் பேசித் தீர வேண்டும், பேசாவிட்டால் பத்துப் பேர் சமாதானம் பண்ண வருவார்கள். இங்கே கண்ணை மூடிக்கொண்டால் போதும். முடிந்ததும் இரண்டு பக்கமும் திரும்பிக் கைகூப்பிச் சமாதானம் என்று சொல்ல வேண்டும். இடப்பக்கத்தில் ஜெனோவா டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்வார். வலப்பக்கம் திரும்பிக் கையை மட்டும் கூப்புவார். சந்தியாகுவும் அப்படியே. இரண்டு கூப்பிய கைகள், நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. சிஸ்டருக்கு இது தெரியாமலா இருக்கும்? அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்புத்தான் வைத்திருக்கிறார்.

கரகரப்பு நின்றது. பிறகு இரண்டு மடங்காக வந்தது. தூங்குகிறாரோ? தூங்கினால் குற்றமில்லை என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார், ஆண்டவர் மடியில் தூங்குகிறோம் என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். ஆனால் தூங்குகிறவர்களுக்கு இங்கே மதிப்புக் குறைவு. மதிப்பெல்லாம் மணியடித்த பிறகும் எழுந்திருக்காதவர்களுக்கு. ஜெனோவா டீச்சர் ஆரம்பித்துவைத்த வழக்கம் அது. ஒருநாள் கிண்ணம் ஒலித்தும் டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை, கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். பதறிப்போன யாரோ தோளைத் தொட்டு உலுக்க, டீச்சர் வெடுக்கென்று விழித்துத் திருதிருவென்று பார்த்தார். சிஸ்டர் மெல்லச் சொன்னார், உள்ளே இருக்கறவங்களைத் தொடாதீங்க, தொட்டா அறுந்துபோயிடும், அவங்களா வருவாங்க. அன்றிலிருந்து அதுவே சட்டம். யாராவது உள்ளே போய்விட்டால் மற்றவர்கள் விரல் நுனியில் நடந்து வெளியே வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, வராந்தாவில் குசுகுசுவென்று காப்பி குடிப்பார்கள். உள்ளே இருந்தவர் வெளியே வரும்போது ஞானஸ்நானம் ஆன குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். சிலர் வேண்டுமென்றே இருக்கிறார்கள் என்பது இன்னாசியின் சந்தேகம். அவருக்கும் ஒருநாள் அப்படி இருந்து பார்க்க ஆசைதான். முதுகு விடாது, மூத்திரம் விடாது, முக்கியமாக மண்டைக்குள் ஓடுகிற சங்கதி விடாது. சந்தியாகுவும் ஒருநாளும் உள்ளே போனவரில்லை. கிண்ணம் ஒலித்த மறுநொடி எழுந்துவிடுவார். இரண்டு பேருக்கும் உள்ளே ஒரே ஆள் உட்கார்ந்துகொண்டு கதவைத் திறக்கவிடாமல் பண்ணுகிறான் போலிருக்கிறது.

மா, ர, நா, தா. லியோ, லியோ, லியோ. அந்த ஆள் பெயர் லியோ. இன்னாசியின் ஒரே மகன். இரண்டாம் வருஷ பாலிடெக்னிக். நல்லாத்தான் இருந்தான், முந்தின நாள் ராத்திரி தோசை கேட்டு வாங்கித் தின்றான், காலையில் இல்லை. தானாகவே முடித்துக்கொண்டான். ஏன் என்பதற்கு இன்றுவரை பதில் கிடையாது. எண்ணம் வந்தால் சண்டை போடாதீர்கள் என்கிறார் சிஸ்டர். நான் எங்கே சிஸ்டர் சண்டை போடுகிறேன், அவன்தான் வந்து என் மடியில் உட்கார்ந்துகொள்கிறான். அப்போதிருந்த பங்குசாமியார், இப்போது எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார், கண்டிப்பான மனுஷன், படியிலேயே நிறுத்தினார். தன்னையே மாய்ச்சுக்கிட்டவனைக் கோயிலுக்குள்ள கொண்டுவர முடியாது, தூம்பாவும் தர முடியாது. பங்கில் யார் செத்தாலும், ஏழையோ பணக்காரனோ, அந்தப் பொதுத் தூம்பாவில்தான் பெட்டியை வைத்துத் தோளில் தூக்கிப் போவார்கள். கறுப்புப் பட்டு போர்த்தி, முன்னால் சிலுவை பிடித்து, பாடிக்கொண்டே போவது நல்மரண சபையின் பாத்தியம். சபைக்குத் தலைவர் சந்தியாகு. தூம்பாக் கொட்டகையின் சாவி அவர் இடுப்பில். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். இன்னாசியும் பார்த்தார். சாமி, அவன் என் தம்பி மகன், நான் எடுத்துப் போறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிச் சனம் அவர் பக்கம் நின்றிருக்கும், அந்தச் சாமியார் என்ன துப்பாக்கியா வைத்திருந்தார்? ஒரு வார்த்தை. சந்தியாகு தரையைப் பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் சாவியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். நகராட்சி வண்டியில் பிள்ளையை ஏற்றிப் போய்க் கல்லறைத் தோட்டத்து வேலியோரத்தில் புதைத்தார்கள். யாரும் பாடவில்லை. உங்க அண்ணன் வேலிக்கு அந்தப்பக்கம் செருப்பில்லாம நின்னாரு, நான் பாத்தேன் என்று பல வருஷம் கழித்து அருளாயி சொன்னாள். நின்றால் நிற்கட்டும். அடுத்த வாரமே சாவியைக் கொண்டுபோய்ச் சாமியார் மேசையில் வைத்துவிட்டுச் சபையை விட்டு விலகினாராம். விலகினால் விலகட்டும். வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காதவன் அப்புறம் வேலிக்கு வெளியே நின்றால் என்ன, உள்ளே நின்றால் என்ன? இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் இன்னாசி, அந்தக் கால் கட்டைப் பார்க்கும்வரை.

ஏதோ முழங்கையைத் தொட்டது. கொசு என்றுதான் முதலில் நினைத்தார். கொசு இல்லை, விரல். வலப்பக்கத்து விரல்கள் அவருடைய சட்டைக் கையைத் தடவி, நழுவி, மறுபடி வந்து துணியைப் பிடித்தன. அண்ணன் தொடுகிறார். என்னைத் தொடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு, எல்லாரும் கண்ணை மூடியிருக்கிற தைரியத்தில். அழுகை வெட்கமில்லாமல் மேலே வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது, இரண்டும் ஒரு சேர. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது இந்தக் கை? நாலு பேர் முன்னால் நீட்ட வேண்டிய கையை இருட்டில் நீட்டிச் சல்லிசாக முடித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறாயா? அதிலும் இன்றைக்கு. நான் பேசுகிறதாக இருக்கிற நாளில். காலையிலிருந்து ஒத்திகை பார்த்து, ஃபிளாஸ்க் வாங்கி, தனியாகக் காப்பி போட்டு, அருளாயியிடம் பேச்சு வாங்கி, எல்லாம் செய்தது நான். முந்திக்கொண்டு தொட்டுவிட்டு நல்ல பேர் நீ வாங்கிக்கொள்வாயா? விரல்கள் ஒருமுறை இறுகின. இன்னாசி கையை உருவி விலாவோடு சேர்த்துக்கொண்டார். மெல்லத்தான் உருவினார், கோபமாக இல்லை, வேண்டுமானால் சத்தியம் பண்ணுவார். இருங்கண்ணே, மணி அடிக்கட்டும், நானே தர்றேன், எல்லாருக்கும் முன்னால தர்றேன். மா, ர, நா, தா. விரல்கள் காற்றில் என்னத்தையோ தேடிவிட்டு நாற்காலிக் கையில் சொத்தென்று விழுந்தன.

தூரத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று பாயின்டில் தடம் மாறிப் போயிற்று, பெட்டி பெட்டியாக, தடக், தடக் என்று. அது இருந்தவரை வேறு எதுவும் கேட்கவில்லை, அது பெரிய உபகாரமாக இருந்தது. வண்டி போன பிறகு மூச்சு மறுபடி கேட்டது. ஒரு இழுப்பு. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அடித்தொண்டையிலிருந்து ஒரு இழுப்பு. இந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று நினைத்தார் இன்னாசி. நினைத்தவுடன் அந்த நினைப்பைப் பிடித்துக் கீழே அமுக்கினார். சொல்லுக்குத் திரும்பு. மா. ர. அப்பாவுக்கு இப்படித்தான் இழுத்தது. பெரியாஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள், கூடத்தில் கட்டில், இதே இடைவெளி, இதே கரகரப்பு. சந்தியாகுதான் அப்பாவின் காதோடு வாயை வைத்து, சேசு மரி சூசை, சேசு மரி சூசை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சு நிற்கிறவரை சொன்னார், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் சொன்னார். காதுதான் கடைசியா மூடும், தம்பி, அந்த மூணு பேரைக் கேக்காம ஒரு ஆளும் போகக் கூடாது. பங்கில் எந்த வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அர்த்தராத்திரியானாலும் போய்க் காதில் சொல்வார். லியோ காதில் யாரும் சொல்லவில்லை. சீ, என்ன யோசனை இது. இது குறட்டை. அசதியில் தூங்குகிறார், விரலை வெட்டிப்போட்ட மனுஷன், மாத்திரை மயக்கம். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது. இமைதானே, எடுத்தால் திறக்கும். திறந்து பார்த்து அவர் நன்றாக இருந்தால்? அவரும் அதே நேரம் கண்ணைத் திறந்து, என்னடா பார்க்கிறே என்பதுபோலப் பார்த்தால்? தோளைத் தொட்டு, சிஸ்டர், அண்ணனுக்கு என்னமோ பண்ணுது என்று கத்தி, அவர் திடுக்கிட்டு விழித்து, ஜெனோவா டீச்சரின் ஆழமெல்லாம் அறுந்து, எல்லாரும் இன்னாசியை ஒரு மாதிரியாகப் பார்த்தால்? இத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசும் முதல் பேச்சு அப்படி அசட்டுத்தனமாகவா அமைய வேண்டும்? இன்னும் கொஞ்ச நேரம்தான். கிண்ணம் ஒலித்துவிடும். மா, ர, நா, தா.

இப்போது வலப்பக்கம் அமைதியாகிவிட்டது. இன்னாசி காதைக் கொடுத்துக் கேட்டார். இடப்பக்கம் டீச்சரின் மூச்சு, மெல்லிய வளையல் சத்தம். எதிரே யாருடைய வயிறோ உறுமியது. மின்விசிறி. வலப்பக்கம் ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது முதலில், அதுதான் கொடுமை, பட்ட பாடெல்லாம் தீர்ந்ததுபோல ஒரு நிம்மதி வந்து நெஞ்சில் இறங்கியது. இந்த அறைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து கிடைக்காத நிம்மதி. சொல் தானாக ஓடியது, மாரநாதா, மாரநாதா, எந்த எண்ணமும் குறுக்கே வரவில்லை. கொஞ்ச நேரம், அது எவ்வளவு நேரமென்று அவருக்குத் தெரியாது, அவர் உள்ளே இருந்தார். அண்ணனும் உள்ளே போய்விட்டார் என்று தோன்றியது. பார், கடைசியில் அவர்தான் எனக்கு முன்னால் போனார், எப்போதுமே அவர்தான் முன்னால், ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்ததும் அவர்தான், சைக்கிள் வாங்கியதும் அவர்தான். பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு அந்த நிம்மதியின் அடியில் காலுக்கு எட்டாத இடத்தில் ஏதோ அசைந்தது. மூச்சு சீராகவில்லையே. மூச்சே இல்லையே. எத்தனை ஆழத்துக்குப் போனாலும் மனுஷன் மூச்சு விட வேண்டாமா? இல்லை, மெல்ல விடுகிறார், கேட்கவில்லை, எனக்கு ஒரு காது மந்தம். வலது காதா, இடது காதா? இடது காதுதான் மந்தம். தொடு. இப்போது தொடு, காதில் சொல், காதுதான் கடைசியாக மூடும். தொட்டால் தெரிந்துவிடும். தெரியாதவரை இன்னும் ஒன்றும் ஆகவில்லை. கிண்ணம் ஒலிக்கட்டும், அண்ணே, இனிப்பு போடல, குடிங்க, அவர் கைநீட்டி வாங்குவார், அருளாயியிடம் போய்ச் சொல்லலாம். இன்னாசி கண்ணைத் திறக்கவில்லை. கட்டைவிரலால் ஆட்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தான் அப்படிச் செய்வது அவருக்கே ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் விரலை நிறுத்தினார், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

கிண்ணம் ஒலித்தது. எல்லாரும் உடம்பை நெளித்தார்கள், நாற்காலிகள் முனகின, நடுவில் மெழுகுவர்த்தி பாதி உருகியிருந்தது. சமாதானம் என்றார் டீச்சர் கைகூப்பி. சமாதானம் என்றார் இன்னாசி, குரல் வந்தது, நன்றாகவே வந்தது. பிறகு வலப்பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். கையைப் பார்த்தபடிதான் கூப்பினார். அண்ணனின் வேட்டி தெரிந்தது, கட்டுப்போட்ட பாதம் தெரிந்தது, நாற்காலிக் கையிலிருந்து நழுவி இரண்டு பேருக்கும் நடுவே தொங்கிய கை தெரிந்தது. கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி, ஆளைச் சாயவிடவில்லை. தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. சிஸ்டர் அந்தப் பக்கம் பார்த்தார், முகம் மலர்ந்தது, உதட்டில் விரலை வைத்தார். எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. ஒவ்வொருவராகச் சிரித்த முகத்தோடு விரல் நுனியில் நடந்தார்கள். ஒருவர் போகிறபோக்கில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டுப் போனார், குளிருமே என்று. இன்னாசி ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு வெளியே நடந்தார். ஆம், நடந்தார். கால்கள் போயின.

வராந்தாவில் அவர் பெரிய ஃபிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். சுக்கு தூக்கலா இருக்கு, நல்லாருக்கு என்றார் ஒருவர். ஜெனோவா டீச்சர் ஒருக்களித்த கதவைப் பார்த்தபடி மெல்லிய குரலில், "எத்தனை வருசமா உக்காருறேன், எனக்கு ஒரு தரம்தான் வாய்ச்சுது. இவருக்குப் பாருங்க, எப்பிடி இறங்கிட்டாரு. அசைவே இல்ல" என்றார்.

"எத்தனை பேரு காதுல செபம் சொல்லி அனுப்பி வச்ச மனுசன்" என்றார் சுக்கைப் புகழ்ந்தவர். "அந்தப் பக்குவம் வேற யாருக்கு வரும்?"

சிஸ்டர் பெனிஞ்ஞா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவசரமில்ல, அவரா வரட்டும். நாம காத்திருப்போம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட இன்னாசிக்கு ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தெரியாது. இந்த வராந்தாவில் நிற்பவர்களில் தெரிந்தவர் ஒரே ஒருத்தர், அவர் காப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறார். எப்போதிலிருந்து தெரியும்? விரல்கள் இறுகியபோதா? கூட்ஸ் வண்டி போன பிறகா? கையை உருவாமல் இருந்திருந்தால்? வராந்தாவுக்கு வெளியே ஆட்டோ இருக்கிறது, ஆஸ்பத்திரி பெரிய தூரமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். அவர் சின்ன ஃபிளாஸ்கைத் திறந்து தனி டம்ளரில் ஊற்றினார். ஆவி பறந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவி நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, டம்ளரோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பின்னால் யாரோ உஸ் என்றார்கள்.

மெழுகுவர்த்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னாசி தன்னுடைய நாற்காலியில், தன்னுடைய இடத்தில் உட்கார்ந்தார். தொங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். கை குளிரத் தொடங்கியிருந்தது. தன் சட்டைக் கையில் முழங்கைப் பக்கம் துணி கசங்கி ஒரு பிடி அளவுக்குச் சுருக்கம் விழுந்திருப்பதைப் பார்த்தார். இன்றைக்குப் புதிதாக இஸ்திரி போட்ட சட்டை. குனிந்தார், அண்ணனின் காதோடு வாயை வைத்தார், மூன்று பெயரையும் சொல்லிவிட வேண்டும், காது மூடியிருக்காது, மூடியிருக்கக் கூடாது. உதடு பிரிந்தது. வந்தது அது இல்லை. காலையிலிருந்து வாய்க்குள் உருண்டுகொண்டிருந்ததுதான், அட்சரம் பிசகாமல், உரத்த குரலில் வந்தது.

"அண்ணே, இனிப்பு போடல, குடிங்க."

கதவுப் பக்கமிருந்து ஜெனோவா டீச்சர், கெஞ்சுகிற மாதிரி, அடிக்குரலில் சொன்னார்: "இன்னாசிண்ணே, தொடாதீங்க. அவரா வருவாரு."